பி.கே.கே.வும் பர்சானி கட்சியும்: குர்துக்குக் குர்தே எதிரியானது எப்படி?

பதிவு 1 – கடைசிபெஞ்ச்

2025 ஜூலை 11 அன்று வட ஈராக்கின் சுலைமானியா பக்கத்தில் ஒரு குகை வாசலில், துருக்கிக் குர்துகளின் ஆயுத இயக்கமான பி.கே.கே.யின் போராளிகள் 30 பேர் துப்பாக்கிகளைப் பெரிய கொப்பரை ஒன்றில் வைத்துத் தீ மூட்டிய வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் இந்த இயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். துருக்கியோடு ஏன் சண்டை என்பது புரிகிறது. மொழிக்குத் தடை, 1980 ராணுவப் புரட்சி, தியார்பகிர் சிறையில் நடந்த சித்திரவதை, சரி.

புரியாத இடம் வேறு. 1992இலும் 1997இலும் துருக்கிப் படை ஈராக் எல்லைக்குள் வந்து பி.கே.கே.வை அடித்தபோது, கூடவே நின்று அடித்தவர்கள் ஈராக்கின் குர்துகள். முக்கியமாக மசூத் பர்சானியின் கே.டி.பி. கட்சி. 80களின் தொடக்கத்தில் பி.கே.கே.வுக்கு மலையில் தங்க இடம் கொடுத்ததும் இதே கட்சிதானாம். நடுவில் என்ன நடந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 – தெருவிளக்கு

காட்டிக்கொடுத்துப் பிழைப்பவன் எல்லா இனத்திலும் உண்டு. இதற்குத் தனி இழை வேறா?

பதிவு 3 – சாம்பல்நாரை

தெருவிளக்கு, அப்படி ஒரே வரியில் முடித்தால் மீதிக் கதை கையை விட்டுப் போய்விடும். கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குர்துகள் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள். இந்த நான்கு அரசுகளும் சொந்த நாட்டுக் குர்துகளை ஒடுக்கும். பக்கத்து நாட்டுக் குர்துகளுக்குத் துப்பாக்கி கொடுக்கும். ஈரான் ஷா 70களில் பாக்தாத்துக்கு எதிராக முஸ்தபா பர்சானியை வளர்த்தார். மசூதின் அப்பா அவர். 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் சதாமும் ஷாவும் கைகுலுக்கி ஷத் அல் அராப் ஆற்று எல்லையைப் பேசி முடித்தார்கள். அத்தோடு உதவி நின்றது. சில வாரங்களில் பர்சானியின் படை கலைந்தது. அவர் 1979இல் அமெரிக்காவில் காலமானார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மறக்கக்கூடிய பாடமில்லை.

இப்போது பி.கே.கே.வுக்கு வருவோம். 1978 நவம்பரில் தியார்பகிர் மாகாணத்தின் ஃபிஸ் கிராமத்தில் தொடங்கப்பட்ட கட்சி. தலைவர் அப்துல்லா ஓஜலான் 1979இலேயே சிரியாவுக்குப் போய்விட்டார். மறு வருடம் துருக்கியில் ராணுவப் புரட்சி நடந்து, வெளியே வராத தோழர்கள் சிறைக்குள் கிடந்தார்கள். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் பாலஸ்தீனக் குழுக்களோடு முதல் பயிற்சி. 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் வந்தபோது அந்தப் பக்கம் நின்று செத்த பி.கே.கே.காரர்களும் உண்டு.

சிரியாவின் ஹாபிஸ் அல் அசாத் ஏன் இடம் கொடுத்தார்? குர்துகள் மேல் பாசமா? 1962இல் ஹசக்கா மாகாணத்தில் ஒரே நாள் கணக்கெடுப்பு நடத்தி, சுமார் 1,20,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்த நாடு அது. அசாத்துக்கு முந்திய ஆட்சி செய்த வேலை என்றாலும் அவர் அதைத் திருத்தவில்லை. காரணம் தண்ணீர். யூப்ரடீஸ் துருக்கியில் பிறந்து சிரியாவுக்குள் வருகிறது. துருக்கி அதன் மேல் அணைக்கு மேல் அணை கட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பேச்சில் அங்காராவை அழுத்த சிரியாவிடம் வேறு பிடி இல்லை. ஓஜலான் அந்தப் பிடி. 1939இல் துருக்கியோடு போன ஹதாய் பகுதி குறித்த பழைய கோபமும் உண்டு.

1987இல் துருக்கிப் பிரதமர் துர்குத் ஓசால் டமாஸ்கஸுக்கே போனார். ஒரே பயணத்தில் இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்றில் விநாடிக்கு 500 கன மீட்டர் தண்ணீர் விடத் துருக்கி ஒப்புக்கொண்டது. இன்னொன்று எல்லைப் பாதுகாப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் விலை என்ன, சரக்கு என்ன என்று தெரிந்துவிடும். ஆனாலும் அசாத் சரக்கைக் கொடுக்கவில்லை. ஓஜலான் இன்னும் பதினொரு வருடம் டமாஸ்கஸிலேயே இருந்தார். 1990 ஜனவரியில் அதாதுர்க் அணையை நிரப்ப ஒரு மாதம் ஆற்றை நிறுத்தினார்கள். 1998இல் துருக்கி எல்லையில் படையைக் குவித்ததும்தான் ஆட்டம் முடிந்தது. அக்டோபர் 9 அன்று ஓஜலான் சிரியாவை விட்டு வெளியேறினார். 20ஆம் தேதி, பி.கே.கே.வுக்கு இனி இடமில்லை என்று சிரியா துருக்கிக்கு எழுதிக்கொடுத்த அதானா ஒப்பந்தம். மாஸ்கோ, ரோம், ஏதென்ஸ் என்று அலைந்து, 1999 பிப்ரவரி 15 அன்று நைரோபியில் பிடிபட்டார்.

இருபது வருடம் சோறு போட்ட வீடு பதினொரு நாளில் கைகழுவியது.

பதிவு 4 – கடைசிபெஞ்ச்

அருமை. ஆனால் நான் கேட்டது பர்சானியை.

பதிவு 5 – மேற்குமலை

அதை நான் சொல்கிறேன்.

1983இல் கே.டி.பி.க்கும் பி.கே.கே.வுக்கும் ஒற்றுமை ஒப்பந்தம் கையெழுத்தானது. பர்சானி ஆட்கள் அப்போது ஈரான்–ஈராக் போரில் ஈரான் பக்கம். துருக்கி எல்லையோரம் மலை அவர்கள் கையில், ஆனால் ஆள் பலம் குறைவு. பி.கே.கே.விடம் ஆள் இருந்தது, நின்று அடிக்க மலை இல்லை. சிரியாவிலிருந்து துருக்கிக்குள் நுழைய எல்லை சமவெளி, கண்ணிவெடியும் முள்வேலியும். ஈராக் மலை வழியாகப் போனால் நேராகத் துருக்கியின் ஹக்காரி மாகாணத்துக்குள் இறங்கலாம். 1984 ஆகஸ்ட் 15 அன்று எரூஹ், ஷெம்தின்லி ஊர்களைத் தாக்கி ஆயுதப் போரைத் தொடங்கினார்களே, அதற்கு இந்த மலைத்தளம் பெரிய துணை.

அடுத்து நடந்தது எளிது. துருக்கி பாக்தாத்தோடு பேசி எல்லை தாண்டித் துரத்த அனுமதி வாங்கியது. துருக்கியிலிருந்து வந்த விமானம் பி.கே.கே. எது, பர்சானி ஊர் எது என்று பார்த்துக் குண்டு போடவில்லை. 1987 ஜூன் 20 அன்று துருக்கியின் பினார்ஜிக் கிராமத்தில், அரசு சம்பளம் வாங்கிய ஊர்க்காவல் குடும்பங்களைப் பி.கே.கே. தாக்கியதில் 30 பேர் செத்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். அந்த வருடமே கே.டி.பி. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பெண்களையும் குழந்தைகளையும் கொல்கிறவர்களோடு சேர முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வீட்டின் மேல் குண்டு விழுந்தது சொல்லாத காரணம். இரண்டும் உண்மை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் பகையை முற்றவிட்டது 1991. வளைகுடாப் போருக்குப் பிறகு சதாம் படை திரும்பி வர, லட்சக்கணக்கான குர்துகள் பனி மலையில் துருக்கி எல்லையை நோக்கி ஓடினார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்கள் காவல் பறக்க ஆரம்பித்தன. அந்த விமானங்கள் எங்கிருந்து கிளம்பின? துருக்கியின் இன்ஜிர்லிக் தளத்திலிருந்து. அந்த அனுமதியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டித்துத் தருவது துருக்கி நாடாளுமன்றம். ஒரு தடவை அங்கே கை தூக்காவிட்டால் சதாமின் டாங்கிகள் மறுபடி ஈராக் குர்துகளின் தலைநகர் எர்பிலில் நிற்கும். பர்சானி என்ன செய்வார் என்கிறீர்கள்?

வருமானமும் அதே வாசலில்தான். துருக்கி லாரிகள் ஹாபூர் எல்லை வழியாகச் சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பும்போது பெட்டி போன்ற கூடுதல் டாங்கிகளில் டீசல் நிரப்பிக்கொண்டு போகும். அந்தச் சுங்கப் பணம்தான் கே.டி.பி.யின் சம்பளப் பட்டுவாடா. 1992இல் பி.கே.கே. அந்த லாரிகள் ஓடக்கூடாது என்று தடை போட்டது. எர்பிலில் அப்போதுதான் முதல் தேர்தல் நடந்து முதல் குர்து அரசு உட்கார்ந்திருந்தது. அந்த அரசின் கழுத்தில் கை வைத்தது சதாம் மட்டுமல்ல, இவர்களும்தான். அக்டோபரில் சண்டை வெடித்தது.

அப்புறம் ஈராக் குர்துகளின் இன்னொரு பெரிய கட்சியான, ஜலால் தலபானியின் பி.யூ.கே.வுக்கும் பர்சானிக்கும் 1994இல் உள்நாட்டுச் சண்டை. அதிலும் ஹாபூர் சுங்கப் பணத்தில் பங்கு ஒரு பெரிய தகராறு. 1996 ஆகஸ்ட் 31 அன்று பர்சானி சதாமின் படையையே கூப்பிட்டு எர்பிலைப் பிடித்தார். தன் குலத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற சதாமை!

பதிவு 6 – தெருவிளக்கு

கடைசி வரியை நீங்களே எழுதிவிட்டு நான் சொன்னது தப்பு என்கிறீர்களா?

பதிவு 7 – மேற்குமலை

தப்பு என்று சொல்லவில்லை, போதாது என்கிறேன். அதே காலத்தில் தலபானிக்கு ஈரான் துணை. பி.கே.கே.வுக்கு சிரியா துணை. 1995 ஆகஸ்டில் அமெரிக்கா அயர்லாந்தின் ட்ரோகெடாவில் இரண்டு ஈராக் குர்து கட்சிகளையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசியது. துருக்கியின் பாதுகாப்புக் கவலையும் அந்தப் பேச்சில் இருந்தது. மாதம் முடிவதற்குள் பி.கே.கே. கே.டி.பி.யின் இடங்களைத் தாக்கியது. அந்தச் சமாதானம் நிலைத்தால் டமாஸ்கஸுக்கும் தெஹ்ரானுக்கும்தான் நஷ்டம். ஆக, யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்று பட்டியல் போட்டால் ஒருவர் பெயரும் விடுபடாது.

பதிவு 8 – பாறைப்பூ

ஐயா இருவரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் மேலே படித்தால் குர்துகள் என்றால் ஷாவும் அசாத்தும் நகர்த்திய சதுரங்கக் காய்கள் என்று தோன்றுகிறது. காயை வெட்டிப் பெட்டியில் போட்டால் அது அங்கேயே கிடக்கும். இந்த இயக்கம் அப்படிக் கிடக்கவில்லையே.

பெக்கா முகாம் இல்லாவிட்டாலும் தியார்பகிர் 5ஆம் எண் சிறை இருந்தது. இயக்கத்தின் மஸ்லூம் தோகன் 1982இல் குர்துப் புத்தாண்டான நவ்ரோஸ் அன்று அங்கே உயிரை விட்டார். அந்த ஜூலையில் தொடங்கிய பட்டினிப் போராட்டத்தில் கெமால் பீர், ஹய்ரி துர்முஷ் முதலிய நான்கு பேர் செத்தார்கள். கெமால் பீர் குர்துகூட இல்லை, கருங்கடல் பக்கத்துத் துருக்கியர். சிறையிலிருந்து உயிரோடு வந்தவர்கள் பலர் நேரே மலைக்குப் போனார்கள். இதை அசாத் செய்யவில்லை.

90களில் துருக்கி ராணுவம் 3,000க்கும் மேற்பட்ட கிராமங்களையும் குடியிருப்புகளையும் காலி செய்தது. ஊரை எரித்துவிட்டால் பி.கே.கே.வுக்கு ரொட்டி கிடைக்காது என்பது கணக்கு. அந்த ஜனம் தியார்பகிர், மெர்சின், இஸ்தான்புல் ஓரங்களில் போய் விழுந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஒரு பாதி மலைக்குப் போனது, மறு பாதி ஓட்டுப் போட்டது. சிரியா கைவிட்ட பிறகும், தலைவர் இம்ராலி தீவில் அடைபட்ட பிறகும் இயக்கம் கலையாததற்குக் காரணம் அதுதான். முஸ்தபா பர்சானியின் படை 1975இல் வாரக்கணக்கில் கலைந்ததே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்காகக் கைகள் சுத்தம் என்று சொல்லவில்லை. ஆசிரியர்களைக் கொன்றார்கள். சொந்த ஆட்களையே ஒற்றன் என்று சந்தேகப்பட்டுக் கொன்றார்கள். இதையெல்லாம் விலகி வந்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பதிவு 9 – கணக்குப்பிள்ளை

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜெர்மனியில் வேலைக்குப் போன குர்துகளிடம் வருடாவருடம் வசூல் நடந்தது. சிலர் மனமுவந்து கொடுத்தார்கள், சிலர் பயந்து கொடுத்தார்கள். ஜெர்மனி 1993இல் இயக்கத்தைத் தடை செய்த பிறகும் வசூல் நிற்கவில்லை. அசாத் போனாலும் கட்சி நடந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். பாறைப்பூ சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவு 10 – சாம்பல்நாரை

பாறைப்பூ சொல்வதை ஏற்கிறேன், ஒரு பாதிக்கு. ஜனம் சொந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தது. தலைமை எங்கே தூங்கியது என்பது வேறு கேள்வி. இரண்டும் மோதிய ஒரு தருணம் 1993 மார்ச்.

லெபனானில் பார் எலியாஸ் என்கிற ஊர். பத்திரிகையாளர்கள் வந்திருக்கிறார்கள். எப்போதும் போராளி உடுப்பில் படம் வரும் ஓஜலான் அன்று கோட்டு சூட்டு, டை. பக்கத்தில் ஜலால் தலபானி. ஆறு மாதத்துக்கு முன் பி.கே.கே.வோடு சண்டை போட்டவர்களில் அவருடைய கட்சியும் உண்டு. இப்போது அதே தலபானி ஓசாலுக்கும் ஓஜலானுக்கும் நடுவில் தூது. ஓஜலான் ஒருதலைப் போர்நிறுத்தம் அறிவித்தார். ஏப்ரல் 16 அன்று அதை நீட்டித்தார். மறுநாள், 17ஆம் தேதி, ஜனாதிபதி ஓசால் திடீரென்று இறந்துபோனார். மே 24 அன்று பிங்கோல் சாலையில் ஆயுதமில்லாமல் வண்டியில் போன 33 ராணுவ வீரர்களைப் பி.கே.கே. தளபதி ஒருவரின் குழு இறக்கிச் சுட்டது. அத்தோடு எல்லாம் போயிற்று. அதற்குப் பின் வந்த இரண்டு மூன்று வருடம்தான் நீங்கள் சொன்ன கிராம எரிப்பின் உச்சம்.

ஓசால் இருந்திருந்தால் என்று துருக்கியில் இன்னும் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ராணுவம் அவர் கையில் இல்லை, பிங்கோல் ஓஜலான் கையில் இல்லை.

பதிவு 11 – தெருவிளக்கு

சரி, மலையை விடுங்கள். நாடாளுமன்றத்தில் இருக்கும் குர்து கட்சி பி.கே.கே.வின் முகமூடிதானே? துருக்கி அரசு சொல்வது இந்த ஒரு விஷயத்திலாவது சரியா இல்லையா?

பதிவு 12 – பாறைப்பூ

உறவு இல்லை என்று சொன்னால் பொய். முகமூடி என்று சொன்னாலும் பொய்.

1990இல் எச்.இ.பி. கட்சியில் ஆரம்பித்து வரிசையாகத் தடை. தடை வரும், புதுப்பெயரில் கட்சி வரும். 1991இல் லெய்லா ஸானா பதவிப் பிரமாணத்தின் முடிவில் ஒரே ஒரு வாக்கியம் குர்து மொழியில் சொன்னார். 1994இல் பதவி போய், பத்து வருடம் உள்ளே இருந்தார். 2015 ஜூனில் அந்த வரிசையில் வந்த எச்.டி.பி. 13.1 சதவீதம் வாங்கி 80 இடங்களைப் பிடித்தது. நாடாளுமன்றத்துக்குள் வர அப்போது தேவைப்பட்ட பத்து சதவீத ஓட்டு வரம்பைத் தாண்டிய முதல் குர்து சார்புக் கட்சி அது. ஜனாதிபதி எர்டோகனின் கட்சி பெரும்பான்மையை இழந்தது. ஓஜலானோடு அரசு நடத்திவந்த சமாதானப் பேச்சு ஜூலையில் முறிந்தது. சூர், ஜிஸ்ரே, நுசைபின் என்ற குர்து ஊர்களின் தெருக்களில் இயக்கத்து இளைஞர்கள் பள்ளம் தோண்டி நின்றார்கள். ராணுவம் வீடுகளைத் தரைமட்டம் ஆக்கியது. அந்தக் கட்சியை அதன் இணைத் தலைவர் தெமிர்தாஷ் சில வருடம் பாடுபட்டு மேற்குத் துருக்கிக்குக் கொண்டுபோனார், பள்ளம் தோண்டியவர்கள் சில மாதத்தில் அதைத் திரும்பத் தெற்கு மலைக்கே இழுத்துவிட்டார்கள். 2016 நவம்பரில் தெமிர்தாஷ் கைது.

இப்போது முகமூடிக் கணக்குக்கு வருகிறேன். 2019 இஸ்தான்புல் மேயர் மறுதேர்தல். எர்டோகனின் ஆளுக்கும் எதிர்க்கட்சியின் இமாமோக்லுவுக்கும் போட்டி. ஓட்டுக்கு மூன்று நாள் முன்பு, எந்தப் பக்கமும் சாயாதீர்கள் என்ற பொருளில் ஓஜலானின் கடிதம் சிறையிலிருந்து வருகிறது. அதை வெளியே விட்டு, அரசுச் செய்தி நிறுவனம் வரை பரப்பியது யார் தரப்பு என்று யோசியுங்கள். தெமிர்தாஷ் சிறையிலிருந்தே இமாமோக்லுவை ஆதரிக்கச் சொன்னார். குர்து வாக்காளர் தெமிர்தாஷ் சொன்னபடி போட்டார்கள். இமாமோக்லு சுமார் 54 சதவீதத்தோடு ஜெயித்தார். நவ்ரோஸில் ஓஜலான் படத்தைத் தூக்கிப் பிடிக்கிற அதே கைகள்தான். முகமூடி என்றால் முகம் சொன்னபடி ஆட வேண்டாமா?

பதிவு 13 – கடைசிபெஞ்ச்

இந்த 2019 சங்கதி எனக்குப் புதிது. அப்படியே சிரியா பக்கமும் போங்கள். அமெரிக்கா பி.கே.கே.வை 1997இலேயே பயங்கரவாதப் பட்டியலில் வைத்தது. அதன் சிரியக் கிளைக்கு ஆயுதமும் கொடுத்தது. இது எப்படி?

பதிவு 14 – மேற்குமலை

எப்படி என்றால், பெயர்ப்பலகையை மாற்றினால் போதும். அந்தக் கிளையின் படையான ஒய்.பி.ஜி. தனியாகத் தெரிந்தால் துருக்கி கத்தும் என்பதால், அரபுக் குழுக்களையும் சேர்த்து 2015 அக்டோபரில் எஸ்.டி.எஃப். என்று ஒரு கூட்டணி. ரக்காவை ஐ.எஸ்.ஸிடமிருந்து மீட்டது அது. 2018இல் சிரியக் குர்துகளின் அஃப்ரினுக்குள் துருக்கி வந்தபோது வானத்தைத் திறந்துவிட்டது ரஷ்யா. அமெரிக்கா அது தன் பகுதி இல்லை என்றது. 2019 அக்டோபரில் ட்ரம்ப் எல்லையிலிருந்து படையை விலக்கினார், துருக்கி நுழைந்தது. அல்ஜியர்ஸ் கதையை இரண்டு முறை மறு ஒளிபரப்பு செய்தார்கள்.

ஆனால் உங்கள் மூலக் கேள்விக்கு இங்கேதான் சுவையான இடம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் கே.டி.பி. சிரியக் குர்துகள் இருக்கும் பக்கம் எல்லையில் அகழி வெட்டியது. எதிரி நாடு வெட்டவில்லை, குர்து அரசு வெட்டியது. கடத்தலையும் பயங்கரவாதத்தையும் தடுக்க என்று விளக்கம். ஆகஸ்டில் ஐ.எஸ். ஈராக்கில் யஸீதி என்ற சிறுபான்மை மதத்தார் வாழும் சிஞ்சாருக்குள் வந்தது. காவலுக்கு நின்ற பர்சானியின் பெஷ்மெர்கா படை பின்வாங்கிவிட்டது. மலையில் மாட்டிய யஸீதிகளுக்குச் சிரியா வழியாகப் பாதை திறந்தது பி.கே.கே.வும் ஒய்.பி.ஜி.யும். அதே வருடம் அக்டோபர் கடைசியில், ஐ.எஸ். முற்றுகையிட்ட சிரியக் குர்து ஊரான கோபானியைக் காக்கச் சுமார் 150 பெஷ்மெர்கா வீரர்கள் பீரங்கிகளோடு போனார்கள். எந்த வழியாக? துருக்கி மண் வழியாக, துருக்கி அனுமதியோடு. தெருவோரத்தில் குர்துகள் கொடி ஆட்டி வழியனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அகழியும் வெட்டி, பீரங்கியும் அனுப்பிய கட்சியை எந்த ஒற்றைச் சொல்லில் அடைப்பீர்கள் தெருவிளக்கு?

சிஞ்சாரில் தங்கிவிட்ட பி.கே.கே. சார்புப் படைக்கும் கே.டி.பி.க்கும் பிறகு தகராறுதான். நன்றிக்கடன் எல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது அந்த ஊரில்.

பதிவு 15 – தெருவிளக்கு

அடைக்கவில்லை. ஆனால் பஹ்செலி விஷயத்துக்கு எனக்கு விளக்கம் வேண்டும். 2007இல் ஓஜலானைத் தூக்கில் போடு என்று பொதுக்கூட்ட மேடையிலிருந்து கயிற்றை வீசிய துருக்கி தேசியவாதத் தலைவர். 2024 அக்டோபர் 22 அன்று அதே ஆள், ஓஜலான் நாடாளுமன்றத்துக்கு வந்து இயக்கத்தைக் கலைப்பதாகச் சொல்லட்டும் என்கிறார். மறுநாளே அங்காராவில் விமானத் தொழிற்சாலை மேல் பி.கே.கே. தாக்குதல். அதற்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லை.

பதிவு 16 – சாம்பல்நாரை

என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எர்டோகன் மறுபடி போட்டியிட வேண்டுமானால் அரசியல் சட்டத்தை மாற்ற வேண்டும் அல்லது முன்கூட்டித் தேர்தல் வைக்க வேண்டும்; இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் குர்து ஓட்டு உதவும். இரண்டு, காஸா, லெபனான் என்று வட்டாரம் எரியும்போது, சிரியக் குர்துகளை வேறு யாராவது கையில் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அங்காராவுக்கு. டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்ததும் அந்தப் பயம் கூடியது. மூன்று, ட்ரோன்கள் வந்த பிறகு துருக்கிக்குள் இயக்கம் அநேகமாக நடமாட முடியாத நிலை. மலையில் இருந்தவர்களுக்கும் அது தெரியும்.

2025 பிப்ரவரி 27 அன்று ஓஜலானின் அழைப்பு வந்தது. அறிக்கை தாளில் இருந்தது ஒன்று. அதோடு கூடுதலாக ஒரு குறிப்பையும், சிறையில் ஓஜலானைச் சந்தித்து வந்த குர்து சார்புக் கட்சி எம்.பி. சிர்ரி சுரையா ஓன்டெர் வாய்மொழியாகச் சொன்னார். ஆயுதம் போடவும் கட்சி கலையவும் ஜனநாயக அரசியலுக்கும் சட்ட ஏற்பாட்டுக்கும் இடம் வேண்டும் என்பது அதன் சாரம். தாளில் ஏன் இல்லை, வாயில் ஏன் வந்தது என்பதே ஒரு தனி இழைக்குத் தாங்கும். மே 12 அன்று கட்சி கலைப்பு அறிவிப்பு. ஓன்டெர் அதைப் பார்க்கவில்லை. மே 3 அன்று காலமாகிவிட்டார்.

பதிவு 17 – பாறைப்பூ

கடைசிபெஞ்ச் தொடக்கத்தில் சொன்ன அந்தக் குகை ஜாசனா. 1923இல் பிரிட்டிஷ் விமானங்கள் சுலைமானியாவில் குண்டு போட்டபோது, அன்றைய குர்துத் தலைவர் ஷேக் மஹ்மூத் தன் அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பத்திரிகை அச்சடித்த இடம். அந்த வட்டாரம் தலபானி கட்சியின் பிடியில் இருக்கிறது. நிகழ்ச்சியை அங்கே வைத்ததும், பர்சானி பக்கத்து தொஹூக்கில் வைக்காததும் தற்செயல் இல்லை.

பதிவு 18 – கணக்குப்பிள்ளை

எரிந்தது 30 பேரின் துப்பாக்கி. மலையில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். திரும்பி வருகிறவனுக்கு வழக்கு உண்டா இல்லையா, எந்தச் சட்டத்தில் வருவான், எந்த ஊருக்குப் போவான் என்பதை நாடாளுமன்றக் குழு தீர்க்க வேண்டும். அது தீராமல் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

பதிவு 19 – மேற்குமலை

அதோடு இன்னொன்று. 2025 அக்டோபர் 26 அன்று துருக்கிக்குள் இருக்கும் ஆட்களை வெளியே எடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள்? வட ஈராக்குக்கு. எல்லையைத் தாண்டினால் ஸாப், மெடினா, அவாஷின் என்ற மலைப்பகுதிகள் எல்லாம் தொஹூக் பக்கம், கே.டி.பி. ஆளும் இடம். அங்கே துருக்கி ராணுவத்தின் தளங்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. சண்டைக்குப் பயந்து ஊரைக் காலி செய்த ஈராக் குர்து கிராமத்தார், எங்கள் தோட்டத்துக்கு எப்போது திரும்பலாம் என்று இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பி.கே.கே. போய்விட்டால் துருக்கித் தளமும் போகுமா என்று எர்பிலில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பர்சானி கட்சியை நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

பதிவு 20 – கடைசிபெஞ்ச்

அந்தத் தளங்கள் எப்போது வந்தன, 90களிலேயேவா? அதற்கு யார் அனுமதி கொடுத்தது? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

பதிவு 21 – மேற்குமலை

முதல் தளங்கள் 90களிலேயே, இதே கே.டி.பி.யின் சம்மதத்தோடு. 2019க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் யாரையும் கேட்டு வந்தவை இல்லை. பாக்தாத் கண்டனக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. விவரமாக வார இறுதியில் எழுதுகிறேன்.